முகவரி எழுதினவங்க: ஸ்பெயினின் ரெண்டு தேவாலயங்களும் ரெண்டு கட்டுரைகளும்

இந்த எபிசோட்ல ஸ்பெயினுக்குப் போறோம். ராஜா, போர், கடற்பயணம்னு வழக்கமா நாம பேசுற வரலாறு இல்ல இது. கலை வரலாறு எழுதினவங்களோட வரலாறு. பழைய தேவாலயம், பழைய ஓவியம், பழைய சிற்பம் எது எங்க இருக்குன்னு தேடிப்போய் நோட்டுல குறிச்சு வச்ச ஒரு சின்ன அறிஞர் கூட்டம். கேட்க ரொம்ப சாதுவான வேலை மாதிரி இருக்கும். ஆனா இவங்க எழுதின ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தருக்கு முகவரியா மாறுச்சு. அந்த முகவரியைப் பிடிச்சுக்கிட்டு யார் முதல்ல போய்ச் சேர்ந்தாங்க என்பதுதான் இன்னைக்குக் கதை.

ரெண்டு வருஷத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. 1906, 1907. 1906ல ஒரு தேவாலயம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருஷம் இன்னொரு தேவாலயம் பற்றி இன்னொரு கட்டுரை. ரெண்டு தேவாலயமும் பெரிய ஊர்ல இல்ல. ரெண்டையும் அதுவரைக்கும் வெளியுலகம் கண்டுக்கல. முதல் கட்டுரை ஒரு கட்டடத்தைக் காப்பாத்துச்சு. ரெண்டாவது கட்டுரை வந்து இருபது வருஷத்துக்குள்ள, அந்தத் தேவாலயத்தோட சுவர்ல இருந்த ஓவியங்களை உரிச்சுக் கப்பல் ஏத்திட்டாங்க. செஞ்சது ஒரே வேலை, ஆனா முடிவு நேர் எதிர். ஏன்?

பட்டியல் இல்லாத நாடு

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னணி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயின் கலைக்கு ரொம்ப மோசமான நூற்றாண்டு. முதல்ல நெப்போலியன் படையெடுப்பு. அவரோட தளபதி சூல்ட், செவில் நகரத்துல இருந்து முரியோ வரைஞ்ச ஓவியங்களை அள்ளிக்கிட்டுப் போனார். அதுல ஒரு மாதா ஓவியம் 1852ல பாரிஸ் ஏலத்துல ஆறு லட்சம் ஃபிராங்குக்கு மேல போச்சு. வாங்கினது லூவர் அருங்காட்சியகம்.

அடுத்து, 1835-36ல மெந்திசாபல் என்கிற அமைச்சர் மடங்களோட சொத்துகளை அரசுடைமையாக்கி விற்க ஆரம்பிச்சார். அரசாங்கத்துக்குக் கடன், கையில காசு இல்ல. மடம் காலியானா மடத்துக்குள்ள இருந்த ஓவியம், சிற்பம், புத்தகம் எல்லாம் என்ன ஆகும்? கொஞ்சம் அருங்காட்சியகத்துக்குப் போச்சு, கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போச்சு, மிச்சம் மழையில நனைஞ்சது. அந்தச் சமயத்துல ஃபிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப் ஆள் அனுப்பி ஸ்பானிய ஓவியங்களை வாங்கி, 1838ல லூவர்ல தனிக் காட்சிக்கூடமே திறந்தார். நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். 1853ல அதுவும் லண்டன்ல ஏலம் போய் நாலா பக்கமும் சிதறிடுச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. எத்தனை போச்சுன்னு ஸ்பெயினுக்கே தெரியாது. ஏன்னா எத்தனை இருந்துச்சுன்னு எழுதி வைக்கல. இல்லாத பட்டியல்ல இருந்து எதையும் திருட முடியாது இல்லையா? காணாமப் போனதைக் காணோம்னு சொல்லவே முதல்ல ஒரு லிஸ்ட் வேணும்.

1900: ஒரு இளைஞனும் ஒரு மாகாணமும்

அந்த லிஸ்ட்டை எழுதணும்னு 1900ல அரசாணை வந்தது. மாகாணம் மாகாணமா நாட்டோட நினைவுச்சின்னங்களையும் கலைப்பொருட்களையும் பட்டியல் போடுற திட்டம். பேரு காத்தாலகோ மொனுமெந்தால். முதல் மாகாணம் ஆவிலா. அந்த வேலை கொடுக்கப்பட்டது கிரனாதாவைச் சேர்ந்த முப்பது வயசு ஆளுக்கு. மானுவேல் கோமெஸ்-மொரேனோ.

இந்த மனுஷனை நீங்க தெரிஞ்சுக்கணும். 1870ல பிறந்து 1970ல இறந்தவர். முழுசா நூறு வருஷம். கலை வரலாறு மட்டும் இல்ல, ரோமானியருக்கு முந்தைய ஐபீரிய எழுத்துகளை எப்படி வாசிக்கணும்னு கண்டுபிடிச்சவரும் இவர்தான். ஆவிலா முடிஞ்சதும் சலமாங்கா, சமோரா, லெயோன்னு வரிசையா நாலு மாகாணம். ஊர் ஊரா போகணும், தேவாலயத்தைத் திறக்கச் சொல்லணும், அளக்கணும், வரையணும், கண்ணாடித் தகடுல ஃபோட்டோ எடுக்கணும். ஆவணத்துல இருக்கிறதை மட்டும் நம்பாம, கல்லைத் தொட்டுப் பார்த்து வயசு சொல்ற ஆள்.

எல்லா மாகாணத்துக்கும் இவரை மாதிரி ஆள் அமையல என்பதையும் சொல்லிடணும். சில இடங்கள்ல சிபாரிசுல வந்தவங்களுக்கு வேலை போச்சு, அந்தப் பட்டியல்களோட தரமும் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு பிரச்சினை இதைவிடப் பெருசு. எழுதி முடிச்ச பட்டியல் அச்சுக்குப் போகல. கோமெஸ்-மொரேனோவோட லெயோன் பட்டியலும் சமோரா பட்டியலும் 1920களில் வெளிவந்தது. சலமாங்கா 1967ல. முதன்முதலா எழுதின ஆவிலா பட்டியல் எப்போ வந்தது தெரியுமா? 1983. அவர் இறந்து பதிமூணு வருஷம் கழிச்சு. கிட்டத்தட்ட எண்பது வருஷம் அது கையெழுத்துப் பிரதியாவே கிடந்தது.

முதல் கட்டுரை: தண்ணிக்குள்ள போகவேண்டிய தேவாலயம்

சமோரா மாகாணத்துல எஸ்லா ஆத்தங்கரையில ஒரு சின்ன தேவாலயம். சான் பெத்ரோ தெ லா நாவே. விசிகோத் காலத்துக் கட்டடம், ஏழாம் நூற்றாண்டு. அதாவது அரபுப் படைகள் ஸ்பெயினுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கட்டினது. அந்தக் காலத்துக் கட்டடம் ஸ்பெயின்ல மிச்சம் இருக்கிறது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். உள்ள தூண் தலைப்புகள்ல சிற்பம் இருக்கு. ஒண்ணுல சிங்கங்களுக்கு நடுவுல தானியேல் கையை உயர்த்தி நிக்கிறார். இன்னொண்ணுல ஆபிரகாம் தன் மகனைப் பலி கொடுக்கப் போற காட்சி.

பட்டியல் வேலைக்காகச் சுத்தினப்போ கோமெஸ்-மொரேனோ இதைப் பார்த்தார். 1906ல கட்டுரை எழுதினார். 1912ல இது தேசிய நினைவுச்சின்னமா அறிவிக்கப்பட்டது.

அப்புறம் எஸ்லா ஆத்துல ரிகோபாயோ அணை கட்டுற திட்டம் வந்தது. நீர்த்தேக்கம் நிரம்பினா தேவாலயம் முழுகிடும். யாருக்கும் தெரியாத கட்டடமா இருந்திருந்தா முழுகியிருக்கும், அதைப் பத்தி ஒரு வரி கூட இருந்திருக்காது. ஆனா இதுக்கு ஒரு கட்டுரை இருந்துச்சு, ஒரு அந்தஸ்து இருந்துச்சு. 1930க்கும் 1932க்கும் நடுவுல, கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ ஃபெர்ரான்ட் மேற்பார்வையில கல் கல்லா பிரிச்சு, எல் காம்பியோ என்கிற ஊருக்குக் கொண்டுபோய் மறுபடியும் கட்டினாங்க. இன்னைக்கும் அங்க நிக்குது.

ரெண்டாவது கட்டுரை: பனைமரத் தூண்

இப்போ சோரியா மாகாணம். பெர்லாங்கா பக்கத்துல ஒரு வறண்ட மேட்டு நிலம். அங்க சான் பௌதேலியோன்னு ஒரு சின்ன ஆலயம். வெளியில இருந்து பார்த்தா வெறும் கல் பெட்டி. உள்ள நுழைஞ்சா நடுவுல ஒரே ஒரு தூண், அதோட உச்சியில இருந்து எட்டு வளைவுகள் பனை ஓலை மாதிரி விரிஞ்சு கூரையைத் தாங்குது. பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். அதுக்கு அடுத்த நூற்றாண்டுல சுவர் முழுக்க ஓவியம். மேல கிறிஸ்துவோட கதை. கீழ வேட்டைக்காரன், முயல், கரடி, ஒட்டகம், முதுகுல கோட்டையைச் சுமக்கிற யானை.

1907ல ஹோசே ரமோன் மெலீதாவும் மானுவேல் அனிபால் ஆல்வாரெஸும் இதைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. 1917ல இதுவும் தேசிய நினைவுச்சின்னம் ஆச்சு. இதுவரைக்கும் சான் பெத்ரோ கதை மாதிரியேதான் போகுது பாருங்க.

1922ல லெயோனே லேவி என்கிற வியாபாரி வந்தார். ஆலயம் உள்ளூர்க்காரங்க சிலருக்குச் சொந்தம். அவர் அந்த ஓவியங்களுக்கு 65,000 பெசேத்தா கொடுத்தார். உரிக்கிற வேலை ஆரம்பிச்சது, அரசு தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1925ல தீர்ப்பு வந்தது. சொத்து உரிமையாளர்களோடது, விற்க அவங்களுக்கு உரிமை இருக்கு. 1926ல ஓவியங்கள் சுவரை விட்டு இறங்கிடுச்சு.

எப்படி இறக்கினாங்கன்னு சொல்றேன். ஓவியத்து மேல பசை தடவின துணியை ஒட்டுவாங்க. பசை காய்ஞ்சு இறுகும்போது வண்ணப்படலத்தைச் சுவர்ல இருந்து பிடிச்சு இழுக்கும். துணியை மெதுவா உரிச்சா வண்ணமும் கூடவே வந்துடும். அதைச் சுருட்டி எடுத்துட்டுப் போய் கேன்வாஸ்ல மாத்தி ஒட்டிடலாம். ஸ்ட்ராப்போன்னு பேரு, இத்தாலியக் கைவண்ணம். அப்படி உரிச்ச துண்டுகள் அமெரிக்காவுல பாஸ்டன், சின்சினாட்டி, இண்டியனாபோலிஸ், நியூயார்க்னு பிரிஞ்சு போச்சு. ஆனா வண்ணம் முழுசா வரல. இன்னைக்கும் அந்த ஆலயத்துக்குள்ள போனா, சுவர்ல அந்த உருவங்களோட சாயல் மங்கலா தெரியும்.

அந்த ஊர்க்காரங்களை வில்லனா காட்டுறது சுலபம். ஆனா ஒரு தரம் அவங்க இடத்துல இருந்து யோசிங்க. அந்த ஓவியத்தைப் புகழ்ந்து எழுதினவங்க பழுது பார்க்கப் பணம் கொண்டுவரல. நினைவுச்சின்னம்னு அறிவிச்ச அரசும் அதை வாங்கிக்க முன்வரல. இதோட மதிப்பு இவ்வளவுன்னு கையில காசோட வந்து நின்ன முதல் ஆள் வியாபாரிதான்.

சொல்லலாமா, கூடாதா?

நான் வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் துறையில இதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ஒரு நிரல்ல பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதை நீங்க கண்டுபிடிச்சா, உடனே ஊருக்கே தம்பட்டம் அடிக்க மாட்டீங்க. முதல்ல அதைச் சரிசெய்ய வேண்டியவங்ககிட்ட சொல்லுவீங்க, அடைக்க அவகாசம் கொடுப்பீங்க, அப்புறம்தான் வெளியிடுவீங்க. நீங்க எழுதுறதைப் படிக்கிறவங்கள்ல நல்லவங்க மட்டும் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும்.

ஸ்பெயின்ல நடந்ததையும் இந்தக் கண்ணோட பார்க்கலாம். வெளியிட்டாச்சு, ஆனா ஓட்டையை அடைக்கிற சட்டம் வரல.

இதே கதை கதலோனியாவுலயும் நடந்துச்சு. 1907ல பார்சலோனாவைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒண்ணு, கட்டடக்கலைஞர் பூய்க் இ காதஃபால்க் தலைமையில பைரனீஸ் மலைக்குள்ள குழு அனுப்புச்சு. மலைக்கிராம ஆலயங்கள்ல ஆயிரம் வருஷத்துக்கு நெருக்கமான சுவரோவியங்கள் இருக்கிறதைப் பதிவு பண்ணி, அழகான புத்தகங்களா போட்டாங்க. கொஞ்ச வருஷத்துலயே வியாபாரிகள் அதே மலைப்பாதையில ஏறினாங்க. மூர் என்கிற இடத்து ஆலய ஓவியம் 1921ல பாஸ்டன் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது.

ஆனா கதலோனியாக்காரங்க சும்மா இருக்கல. பார்சலோனா அருங்காட்சியக வாரியம் முந்திக்கிட்டுப் போய் மிச்சம் இருந்த ஓவியங்களை வாங்குச்சு. 1919ல இருந்து 1923 வரைக்கும் ஒவ்வொண்ணா உரிச்சு பார்சலோனாவுக்கே கொண்டுவந்தாங்க. 1123ல அர்ப்பணிக்கப்பட்ட தாவுல் ஊர் சான்ட் கிளிமென்ட் ஆலயத்து கிறிஸ்துவும் அதுல ஒண்ணு. உரிச்சது யாருன்னு கேட்டா சிரிப்பீங்க. ஃப்ராங்கோ ஸ்டெஃபனோனி. வியாபாரிகளுக்காக இதே வேலையைச் செஞ்ச அதே இத்தாலியக் கைகாரர். திருடனோட சாவியையே வாங்கி வீட்டைப் பூட்டின மாதிரி.

அறிஞரே வியாபாரி ஆனா?

இன்னும் கசப்பான ஒரு அத்தியாயம் இருக்கு. ஆர்தர் பைன், மில்ட்ரெட் ஸ்டேப்லி. அமெரிக்கத் தம்பதி. ஸ்பெயினோட பழைய கட்டடங்கள், மரவேலை, இரும்புவேலை பத்தி ரெண்டு பேரும் சேர்ந்து நல்ல புத்தகங்கள் எழுதினாங்க. இன்னைக்கும் பயன்படுற புத்தகங்கள். கிராமம் கிராமமா சுத்தினதால எந்த மடம் இடிஞ்சு கிடக்கு, யாருக்குப் பணம் தேவைப்படுதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். அந்த அறிவை வச்சுக்கிட்டு பைன் முழு மடங்களையே விற்க ஆரம்பிச்சார். முக்கியமான வாடிக்கையாளர், அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்.

1925ல செகோவியா மாகாணத்து சாக்ரமேனியா மடத்தோட ஒரு பகுதி கிட்டத்தட்ட 11,000 பெட்டிகள்ல அமெரிக்கா போச்சு. கற்கள் உடையாம இருக்க வைக்கோல் வச்சுக் கட்டியிருந்தாங்க. ஸ்பெயின்ல மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியிருந்ததால, துறைமுகத்துல எல்லாப் பெட்டியையும் உடைச்சு வைக்கோலை எரிச்சாங்க. திரும்பக் கட்டும்போது எந்தக் கல் எந்தப் பெட்டின்னு குழம்பிப்போச்சு. பல வருஷம் கிடங்குல கிடந்து, 1950களில்தான் மயாமி பக்கத்துல எழுந்து நின்னது.

1931ல குவாதலஹாரா மாகாணத்து ஓவிலா மடம். இதுல நேரத்தோட விளையாட்டைப் பாருங்க. அந்த வருஷம் ஏப்ரல்ல ஸ்பெயின் குடியரசு ஆச்சு. கலைத்துறைக்குத் தலைமை இயக்குநரா வந்தவர் ரிகார்தோ தெ ஓருவேதா, சிற்பக்கலை வரலாறு எழுதின அறிஞர், கோமெஸ்-மொரேனோவோட ஆய்வு மையத்துல இருந்து வந்தவர். ஜூன் 3ஆம் தேதி ஒரே அரசாணையில 897 இடங்கள் நினைவுச்சின்னமா அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய பட்டியல் பதவிக்கு வந்த ரெண்டு மாசத்துக்குள்ள வானத்துல இருந்து விழல. முப்பது வருஷமா அறிஞர்கள் நடந்து நடந்து சேர்த்ததுதான் அதுக்கு அடித்தளம்.

அந்தப் பட்டியல்ல ஓவிலாவும் இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல மடத்தைப் பிரிக்கிற வேலை பாதிக்கு மேல முடிஞ்சிருந்தது. கற்கள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கப்பல்ல போயிடுச்சு. ஹெர்ஸ்ட் கட்ட நினைச்ச மாளிகை நடக்கல. கற்கள் அங்க ஒரு பூங்காவுல பல பத்தாண்டு மழையிலயும் தீயிலயும் கிடந்தது. கடைசியில 1994ல கலிஃபோர்னியாவுல இருக்கிற அதே சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் மிச்சக் கல்லை எடுத்துட்டுப் போய் மடத்தோட ஒரு மண்டபத்தை மறுபடியும் கட்டத் தொடங்கினாங்க.

1933ல பலமான பாரம்பரியச் சட்டம் வந்தது. ஓட்டை அடைபட்டது. ஆனா மூணே வருஷத்துல உள்நாட்டுப் போர்.

1,868 பெட்டிகள்

போர் 1936 ஜூலைல ஆரம்பிச்ச உடனேயே கலைப் பொருட்களைப் பாதுகாக்க ஒரு குழு அமைஞ்சது. தேவாலயங்கள் எரிஞ்சுக்கிட்டிருந்த நேரம். எதை முதல்ல எடுக்கணும், எது எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க யாரு? பட்டியல் போட்டவங்களும் அவங்ககிட்ட படிச்சவங்களும், கூடவே ஓவியர்களும் மாணவர்களும். நவம்பர்ல மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்து மேலயே குண்டு விழுந்தது. ஓவியங்கள் வாலென்சியா போச்சு, அங்க இருந்து கதலோனியா, கடைசியில ஃபிரெஞ்சு எல்லை. போற வழியில பெனிகார்லோ ஊர்ல ஒரு பால்கனி இடிஞ்சு விழுந்து கோயாவோட ‘மே 2’ ஓவியம் கிழிஞ்சது. 1939 பிப்ரவரி 3ஆம் தேதி ஃபிகேரஸ்ல ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. வெலாஸ்கெஸ், கோயா, எல் கிரேக்கோ எல்லாம் லாரியில எல்லை தாண்டி, ரயிலேறி ஜெனீவா போனாங்க. மொத்தம் 1,868 பெட்டிகள்.

பெட்டிகள் திரும்பி வந்தது. அதைக் காப்பாத்தினவங்கள்ல பல பேர் வரல. குழுவோட தலைவரா இருந்த ஓவியர் திமோதேயோ பெரெஸ் ரூபியோ நாடு கடந்து போய் 1977ல பிரேசில்ல இறந்தார். ஓருவேதா போர் முடியுறதுக்கு முன்னாடியே, 1939 பிப்ரவரியில மாட்ரிட்ல இறந்தார். அவங்க ஆய்வு மையத்தையும் புது ஆட்சி கலைச்சுட்டது.

கடைசியா ஒரு பண்டமாற்று

1957ல ஒரு விசித்திரமான ஒப்பந்தம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சான் பௌதேலியோ ஓவியங்கள்ல ஆறு துண்டுகளைக் கால வரம்பு இல்லாத கடனா ஸ்பெயினுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஸ்பெயின் என்ன கொடுத்துச்சு? செகோவியா மாகாணத்துல ஃபுவெந்திதுவேன்யா ஊர் ஆலயத்தோட பின்பகுதி முழுசையும். 3,000க்கும் மேற்பட்ட கற்கள். ஒரு ஊர் இழந்ததைத் திரும்ப வாங்க இன்னொரு ஊர் தன்னோடதை இழந்தது. அந்த ஓவியங்களும் பெர்லாங்காவுக்குத் திரும்பல, பிராடோவுக்குத்தான் போச்சு. கோட்டை சுமக்கிற யானை இப்போ மாட்ரிட்ல. ஒட்டகம் இன்னும் நியூயார்க்ல.

அப்போ ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வருவோம். 1907 கட்டுரையை எழுதாமலே இருந்திருக்கலாமா? எனக்கு அப்படித் தோணல. எங்க துறையில வெளியிடுறதைத் தள்ளிப்போட ஒரு அர்த்தம் இருக்கு, ஏன்னா அந்தப் பக்கம் அடைக்கிறதுக்கு யாரோ ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க. இங்க அந்த நாற்காலி காலியா இருந்துச்சு. ஆவிலா பட்டியல் எண்பது வருஷம் அலமாரியில இருந்ததால வியாபாரிக்கு உதவல, சரி. ஆனா காப்பாத்த நினைச்சவங்களுக்கும் அது புத்தகமா கைக்கு வரல. சான் பௌதேலியோ வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனதே அந்தக் கட்டுரையும் அறிவிப்பும் இருந்ததாலதான். இன்னைக்கு அந்த ஒட்டகம் எங்க இருந்து போச்சுன்னு நாம பேர் சொல்லிக் கேட்க முடியுதுன்னா, அதுவும் அந்த எழுத்தாலதான். மெந்திசாபல் காலத்துல மடங்கள்ல இருந்து போன எத்தனையோ ஓவியங்களைப் பத்திக் கேட்கக்கூட வழியில்ல.

சான் பெத்ரோவுக்கும் சான் பௌதேலியோவுக்கும் வித்தியாசம் கட்டுரையில இல்ல. கட்டுரைக்கு அப்புறம் யார் செலவு பண்ணத் தயாரா இருந்தாங்க என்பதுலதான். முதல் ஊர்ல கல்லைத் தூக்க ஆள் வந்தாங்க. ரெண்டாவது ஊர்ல பலகை மட்டும் மாட்டிட்டுப் போயிட்டாங்க.

இந்த எபிசோடை இத்தோட முடிச்சுக்கலாம். மாட்ரிட் போற வாய்ப்பு கிடைச்சா பிராடோவுல வெலாஸ்கெஸ் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. அந்த யானையையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.